இழையளவு வெற்றியும் இமயமளவு இறுமாப்பும்

ஒரே ஒரு ஓட்டு! 2008-ஆம் ஆண்டு ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில், நாதத்துவாரா தொகுதியில், அம்மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி. பி. ஜோஷி தோற்றது ஒரே ஒரு ஓட்டில். வென்றவருக்கு 62,216, இவருக்கு 62,215. முதலமைச்சராக வரக்கூடியவர் என்று பேசப்பட்டவர், சட்டமன்றத்துக்குள்ளேயே நுழைய முடியாமற் போனார். 'என் ஒரு ஓட்டாலா உலகம் புரளப் போகிறது?' என்று திண்ணையில் சாய்ந்து கிடப்போருக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

ஆனால், நாம் பேச வந்தது ஓட்டுப் போடாதவரின் சோம்பலைப் பற்றியல்ல. ஓட்டு வாங்கியவரின் இறுமாப்பைப் பற்றி. மாநிலத் தேர்தலில் மயிரிழையில் வென்றதும் மலையைப் பிளந்துவிட்டதாக முழங்குவதும், மயிரிழையில் தோற்றதும் தீர்ப்பையே திருத்தி எழுத முற்படுவதும், இந்நாட்டின் அரசியலைப் பிடித்த நோயாகிவிட்டது. அந்த நோயை அம்பலப்படுத்துவது நம் கடமை.

2018-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். 230 இடங்களில் காங்கிரசுக்கு 114. பாரதீய ஜனதாவுக்கு 109. பெரும்பான்மைக்கு இரண்டு இடம் குறைவு. என்றாலும், பிற கட்சியினர், சுயேச்சைகளின் துணையோடு கமல்நாத் முதலமைச்சரானார். ஓட்டுக் கணக்கோ வேறு கதை சொல்லிற்று. பாரதீய ஜனதாவுக்கு நூற்றுக்கு 41.02, காங்கிரசுக்கு 40.89. கூடுதலாக ஓட்டு வாங்கிய கட்சி எதிர்வரிசையில் அமர்ந்தது. குறைவாக வாங்கிய கட்சி கோட்டையில் அமர்ந்தது!

இதைக் கேட்டு நாம் கைகொட்டிச் சிரிப்பதற்கில்லை. 1967-இல் நம் மாநிலத்திலும் அப்படித்தான். காங்கிரஸ் வாங்கியது நூற்றுக்கு 41.10, கழகம் வாங்கியது 40.69. ஆனால் கழகத்துக்கு 137 இடம், காங்கிரசுக்கு 51. 174 இடங்களில் மட்டுமே நின்று, மற்ற இடங்களைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்ததன் விளைவு அது. கூட்டணியின் வலிமை என்று அதைப் பெருமையோடு சொல்லலாம். ஆனால், எதிர்த்து ஓட்டளித்தவர்களும் இந்த மண்ணின் மக்களே என்பதை மறந்துவிட்டுச் சொல்லக்கூடாது. 2020-இல் பீகாரில் 4 கோடிக்கு மேற்பட்டோர் ஓட்டளித்தனர். இரண்டு பெரிய அணிகளுக்கும் இடையே மாநிலம் முழுவதிலும் இருந்த வித்தியாசம் சுமார் 12,000 ஓட்டு! இடமோ ஒரு பக்கம் 125, மறுபக்கம் 110.

சட்டப்படி வென்றவர் வென்றவரே. ஆளும் உரிமை அவருக்கே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், 'மக்கள் அனைவரும் என் பக்கம்' என்று மார்தட்டும் உரிமையை இந்தக் கணக்கு யாருக்கும் வழங்கவில்லை.

இனி, இன்னொரு மயக்கம். மாநிலத் தேர்தல் முடிவு வெளிவந்த மறுநாளே, 'டில்லிக்கு இது முன்னோட்டம்' என்று ஏடுகள் எழுதுகின்றன. தலைவர்கள் ஆரூடம் கூறுகின்றனர். நடந்தது என்ன? 2018 டிசம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மூன்றிலும் ஆட்சியைப் பிடித்த காங்கிரஸ், ஐந்தே திங்களில், 2019 மே மாதத்தில், அதே மூன்று மாநிலங்களின் 65 பாராளுமன்றத் தொகுதிகளில் மூன்றே மூன்றைப் பெற்றது. ராஜஸ்தானில் ஒன்றுகூட இல்லை!

மக்கள் குழம்பினார்களா? இல்லை, தெளிவாகவே இருந்தார்கள். மாநில ஆட்சிக்கு ஒரு அளவுகோல், மத்திய ஆட்சிக்கு இன்னொரு அளவுகோல் என்று பிரித்துப் பார்த்து ஓட்டளித்தார்கள். மாநிலம் என்பது டில்லியின் கிளைக் கச்சேரியல்ல, அதற்கென்று ஒரு தீர்ப்பு உண்டு என்பதை ஏரோட்டும் விவசாயி அறிந்திருக்கிறான். அரசியல் பண்டிதர்கள்தாம் அறியவில்லை.

அப்படியானால் இழையளவு வெற்றியால் டில்லிக்கு விளைவே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அது ஆரூடத்தில் இல்லை, ஆசையில் இருக்கிறது. பெரும்பான்மை மெலிந்திருக்கும் மாநிலத்தைக் கண்டால், மத்தியில் ஆள்பவருக்கு நாவூறுகிறது. கவர்னர் மாளிகையின் கதவு திறக்கிறது. உறுப்பினர்களை ஏற்றிக்கொண்டு சொகுசு விடுதிக்கு வண்டிகள் கிளம்புகின்றன.

2020 மார்ச்சில் ஜோதிராதித்ய சிந்தியா காங்கிரசைவிட்டு விலகினார். அவரையொட்டி 22 சட்டமன்ற உறுப்பினர்கள் ராஜினாமா செய்தனர். கமல்நாத் ஆட்சி கவிழ்ந்தது. சிவராஜ் சிங் சௌகான் மீண்டும் முதலமைச்சரானார். பதினைந்து மாத ஆயுளோடு முடிந்தது மக்கள் அமைத்த மந்திரிசபை.

காங்கிரஸ் நண்பர்கள் இதற்காகக் கண்ணீர் வடிக்கும்போது, பழைய ஏட்டையும் சற்றுப் புரட்டவேண்டும். 1967-இல் ராஜஸ்தானில் 184 இடங்களில் 89 மட்டுமே பெற்ற காங்கிரசின் தலைவர் சுகாடியாவைத்தான், எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி உரிமை கோரியும், கவர்னர் சம்பூர்ணானந்த் ஆட்சியமைக்க அழைத்தார். ஜெய்ப்பூரில் கலவரம் மூண்டது. ஜனாதிபதி ஆட்சி வந்தது. சில வாரங்களுக்குள் ஆள்கள் அணி மாறினர், சுகாடியாவே முதலமைச்சரானார். அன்று விதைத்த விதைதான் பின்னாளில் விதைத்தவரின் தோட்டத்திலேயே முள்மரமாக முளைத்தது.

1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. 1994-இல் பொம்மை வழக்கில், பெரும்பான்மையை நிரூபிக்கும் இடம் சட்டமன்றமே, கவர்னர் மாளிகையல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. நல்ல பூட்டுகள்தாம். ஆனால் திருடன் கொல்லைப்புறத்தைக் கண்டுகொண்டான். தாவினால்தானே தகுதி போகும்? ராஜினாமா செய்துவிட்டு, மறு கட்சிச் சின்னத்தில் மீண்டும் நின்றால்? 2019-இல் கர்னாடகத்தில் 17 பேரைத் தகுதியிழக்கச் செய்த சபாநாயகர், சட்டமன்றத்தின் ஆயுள்வரை அவர்கள் போட்டியிட முடியாது என்றார். தகுதியிழப்புச் சரியே, ஆனால் போட்டியிடத் தடை விதிக்கச் சபாநாயகருக்கு அதிகாரமில்லை என்றது சுப்ரீம் கோர்ட்டு.

'இடைத்தேர்தலில் மக்களே அவர்களை ஏற்றுக்கொண்டார்களே' என்று வாதிடுவோர் உண்டு. மெய்தான், மத்தியப் பிரதேசத்தில் 28 இடைத்தேர்தல்களில் 19-இல் பாரதீய ஜனதா வென்றது. ஆனால், ராஜினாமா செய்தவர்களிற் சிலர் மந்திரிகளாகவே ஓட்டுக் கேட்டனர் என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? ஆட்சியைக் கவிழ்த்ததற்குக் கிடைத்த பதவியோடு களத்தில் நிற்பவனுக்கும், வெறுங்கையோடு நிற்பவனுக்கும் நடப்பது சமமான போட்டியா?

நம் கோரிக்கை இரண்டே. ஒன்று: கட்சிச் சின்னத்தில் வென்று, இடையில் விலகி வேறு கட்சியில் சேர்பவர், அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை மந்திரியாகவும் கூடாது, மறுபடி போட்டியிடவும் கூடாது என்று சட்டத்தில் எழுதுங்கள். இரண்டு: மாநிலத்தின் கருத்தைக் கேட்காமல் கவர்னரை நியமிக்கும் வழக்கத்தை விடுங்கள். 1969-இல் கழக அரசு அமைத்த ராஜமன்னார் குழு, 1971-இலேயே இதைச் சொல்லிற்று. அரை நூற்றாண்டு கடந்தும் டில்லியின் செவியில் ஏறவில்லை!

ஒரு ஓட்டில் தோற்றவன் தலைவணங்கி வெளியேறுகிறான். அந்த ஒரு ஓட்டுக்குள்ள மதிப்பு, அதைப் போட்ட ஏழையின் விரலில் மை காய்ந்த பிறகும் நிலைக்க வேண்டும். நிலைக்காவிட்டால், தேர்தல் எதற்கு? விடுதி அறைகளிலேயே ஏலம் போட்டுக்கொள்ளலாமே!