மறைந்த தொகுதியும் மறையாத பட்டியலும்

 

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் செல்லும் வழியில் முகையூர் என்றோர் ஊர் இருக்கிறது. ‘முகை’ என்றால் அரும்பு என்று தமிழ் படித்தோர் அறிவர். இவ்வூரின் பெயரால் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்ததும், அது இன்று இல்லாமற் போனதும் அப்பகுதி மக்களுக்குத் தெரியும். ஆனால், இல்லாமற் போன அத்தொகுதியின் பெயரை 2025 ஆம் ஆண்டின் இறுதியில் பல குடும்பங்கள் மீண்டும் தேட நேர்ந்தது. அதில் நம் இல்லங்கள் அனைத்துக்கும் ஒரு படிப்பினை உண்டு.

முகையூர்த் தொகுதி சாதாரணமான தொகுதியன்று. 1967 ஆம் ஆண்டுத் தேர்தலில் இங்கிருந்து வென்ற ஏ. கோவிந்தசாமி, அறிஞர் அண்ணாவின் அமைச்சரவையில் வேளாண்மைத் துறைக்குப் பொறுப்பேற்றார். உதயசூரியன் சின்னம் தி.மு.க.வுக்கு வந்து சேர்ந்த வரலாற்றிலும் அவருடைய பெயர் உண்டு. அவருடைய மகன் ஏ. ஜி. சம்பத்தும் பின்னாளில் இதே தொகுதியின் உறுப்பினராகச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். 2006 இல் நடைபெற்ற தேர்தலே இத்தொகுதியின் இறுதித் தேர்தல். அதில் பாட்டாளி மக்கள் கட்சியின் வி. ஏ. டி. கலியவரதன் வெற்றி பெற்றார்.

அதன்பின் என்ன நடந்தது? 2001 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் தொகுதிகளின் எல்லைகளை மறுபடி வரைந்தது. தமிழகச் சட்டமன்றத்தின் மொத்த இடங்கள் 234 என்பதில் மாற்றமில்லை. ஆனால் உள்ளே கோடுகள் மாறின. விழுப்புரம் மாவட்டத்தில் முகையூர், கண்டமங்கலம், மேல்மலையனூர் முதலிய பெயர்கள் மறைந்தன. விக்கிரவாண்டி, மயிலம் போன்ற பெயர்கள் தோன்றின. இம்மறுவரையறை 2008 இல் நடைமுறைக்கு வந்தது. 2011 சட்டமன்றத் தேர்தலில் முகையூர் மக்கள் திருக்கோவிலூர்த் தொகுதியின் வாக்காளர்களாக வரிசையில் நின்றனர். 2019 இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூர் வட்டம் அதனுடன் சென்றது. முகையூர் ஒன்றியமோ விழுப்புரம் மாவட்டத்திலேயே நின்றது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சுற்றியிருந்த கோடுகள் மட்டும் இருமுறை நகர்ந்துவிட்டன.

“கோடு எங்கே போனால் நமக்கென்ன? வாக்களிக்க ஒரு சாவடி இருந்தால் போதாதா?” என்று கேட்பவர் உண்டு. அக்கேள்விக்கு 2025 நவம்பர் விடை தந்தது.

அம்மாதம் 4 ஆம் நாள் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தப் பணி தொடங்கியது. வீடு வீடாக வழங்கப்பட்ட கணக்கீட்டுப் படிவத்தில், முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் தம்முடைய பெயரோ, தாய் தந்தை போன்ற உறவினரின் பெயரோ எங்கே இருந்தது என்ற விவரம் கேட்கப்பட்டது. தொகுதியின் பெயர் என்ன, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன என்பன அக்கேள்விகள். தமிழகத்தில் அந்த முந்தைய பட்டியல் 2002 ஆம் ஆண்டிலும், சில தொகுதிகளில் 2005 ஆம் ஆண்டிலும் உருவானது. அதாவது, மறுவரையறைக்கு முன்னர்!

இப்போது புரிகிறதல்லவா? முகையூர் வட்டாரத்தில் பல தலைமுறைகளாக வாழும் ஒருவர், இன்றைய தம் தொகுதியான திருக்கோவிலூரின் பெயரில் பழைய பட்டியலைத் தேடினால் அவருடைய பெயர் கிட்டாது. மறைந்துபோன முகையூரின் பெயரில்தான் அது இருக்கும். பழைய தொகுதியின் பெயரை நினைவில் வைத்திருந்த பாட்டனாரோ பாட்டியாரோ வீட்டில் இருந்தால் வேலை எளிது. இல்லையேல் அலைச்சல்தான்.

நம் இல்லங்களில் இந்த அலைச்சல் இருமடங்கு. காரணம், நம் பெயர்கள். முஹம்மது, முகமது, முகம்மது என ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்படுகிறது. பெண்மக்களின் பெயரோடு பீவி, பேகம், பானு ஆகியவை ஓரிடத்தில் சேர்கின்றன, மற்றோரிடத்தில் விடுபடுகின்றன. நிக்காஹுக்குப் பின் தந்தையின் பெயர் இருந்த இடத்தில் கணவரின் பெயர் வருகிறது, ஊரும் மாறுகிறது. கணிப்பொறியில் ஓர் எழுத்து மாறினாலும் தேடல் பொய்த்துவிடும். ஆகவே, ஒருவர் பெயரை மட்டும் தேடாமல், தெருவையும் வீட்டு எண்ணையும் கொண்டு குடும்பம் முழுவதையும் தேடிப் பார்ப்பதே சிறந்த வழி.

பெயர்களைப் பேணுவது நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை வல்லார் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பெயரையும், தந்தையின் பெயரையும், வாழ்ந்த ஊரையும் எத்துணை நுணுக்கமாகப் பதிந்து வைத்தனர்! ஒரே பெயர் கொண்ட இருவரைப் பிரித்தறியத் தனி நூல்களே எழுதினர். அந்த மரபில் வந்தவர்கள், தம் வீட்டாரின் பெயர் அரசுப் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாராமலிருப்பது பொருந்துமா?

ஆகவே, அன்பு கூர்ந்து சில காரியங்களைச் செய்யுங்கள். குடும்ப அட்டை வைக்கும் பெட்டியில் ஒரு தாளையும் சேர்த்து வையுங்கள். அதில் குடும்பத்தார் ஒவ்வொருவரின் தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்காளர் அடையாள அட்டை எண் ஆகியவற்றை எழுதுங்கள். பழைய தொகுதியின் பெயரையும் மறவாமல் குறியுங்கள். பட்டியலில் புதிதாகச் சேர 6 ஆம் எண் படிவம். எழுத்துப் பிழை நீக்கவும், முகவரி மாற்றவும் 8 ஆம் எண் படிவம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்கள் வயதைக் கணக்கிடும் தகுதி நாள்களாக உள்ளன. எனவே மகனோ மகளோ 18 வயதை எட்டினால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் சகோதரர்கள் இந்தியக் குடிமக்களாகவே இருக்கும்வரை, 6ஏ படிவத்தின் வாயிலாகச் சொந்த ஊர்ப் பட்டியலில் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியலாம். பெயர் நீக்கப்பட்டால் மனம் சோர வேண்டாம். வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவை எதிர்த்து மாவட்ட ஆட்சியரிடமும், அடுத்து மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலரிடமும் முறையிடச் சட்டம் இடமளிக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்புடன் சொல்ல வேண்டும். பிறந்த ஊரில் ஒன்று, புகுந்த ஊரில் ஒன்று என இரண்டு இடங்களில் பெயரை வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு. அறிந்தே பொய் உறுதிமொழி தருவது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். வாக்கு என்பது ஒருவகைச் சாட்சியம் என்று மார்க்க அறிஞர் பலர் விளக்கியுள்ளனர். சாட்சியத்தை மறைப்பதும் தகாது. ஒருவரே இரு சாட்சியாக நிற்பதும் தகாது.

இது முடிந்துபோன கதையன்று. 2026 ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு வரையில் இடங்களின் எண்ணிக்கை மாறாது என்றுதான் 84 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வரம்பு கட்டியது. ஆகவே, கோடுகள் மீண்டும் நகரும் நாள் வரும். இன்று உங்கள் தொகுதிக்கு உள்ள பெயர் உங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தில் முகையூரைப் போல் பழம்பெயராகிவிடக் கூடும். அன்று அவர்கள் ஒரு படிவத்தின் முன் திகைத்து நிற்காதிருக்க, இன்றே அந்தத் தாளை எழுதி வையுங்கள். மஹல்லாவில் எழுதப் படிக்க இயலாத முதியோர் இருப்பின் அவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் சரியே. அண்டை வீட்டார்க்கு நாம் செய்ய வேண்டிய கடமைகளுள் அதுவும் ஒன்று.

வஸ்ஸலாம்.