பெயரைக் கசியவிட்டவர் யார் என்று கேட்போம்



ராத்திரி பக்கிங்காம் கால்வாயில் லாரி கழிவைக் கொட்டுகிறது என்று ஒருவர் அதிகாரிகளுக்குப் போன் செய்கிறார். பெயர், விலாசம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். விடிந்ததும் லாரிக்காரரின் ஆள் வாசலில் நிற்கிறார்: "நீதானே போட்டுக் குடுத்தது?" பேசின் பிரிட்ஜ், மூலக்கொத்தளம், புளியந்தோப்பு என நம் ஏரியாவில் இது புதுக் கதையா? அதன் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஒரு போனும் போகாது.

பெயர் கசிவது நம் தெருவில் மட்டும் நடப்பதல்ல. 2003 ஜூலையில் அமெரிக்காவில், ரகசியப் பணியில் இருந்த சிஐஏ அதிகாரி வலேரி பிளேமின் பெயர் பத்திரிகையில் வந்தது. ஈராக் போருக்கு அரசு சொன்ன காரணத்தை அவருடைய கணவர் மறுத்து எழுதிச் சில நாள்தான் ஆகியிருந்தது. துணை அதிபரின் அலுவலகத் தலைவர் லூயிஸ் லிப்பி, விசாரணையில் பொய் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டார். அவருடைய சிறைத் தண்டனையை அப்போதைய அதிபர் புஷ் நீக்கினார். 2018இல் டிரம்ப் மன்னிப்பே கொடுத்துவிட்டார். கசியவிட்ட குற்றத்துக்காக ஒருவருக்கும் தண்டனை இல்லை.

பிளேமாவது உயிரோடு இருக்கிறார். அதே 2003, நவம்பர் 27 அன்று கயாவில் பொறியாளர் சத்யேந்திர துபே சுட்டுக் கொல்லப்பட்டார். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளை, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டு, பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியவர் அவர். கடிதம் பெயரோடு சேர்ந்தே அமைச்சகத்துக்கும் அவர் வேலை பார்த்த நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் போனது. கொலை வழிப்பறிக்காக நடந்தது என்றது சிபிஐ. இருக்கட்டும். பெயர் மேசை மேசையாகப் போனதே, அதற்கு யார் பதில் சொன்னது?

தமிழ்நாட்டிலும் பார்த்தோம். 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே பேட்டியில் சொன்னார். 2024 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் விவரங்கள் எஃப்ஐஆரோடு வெளியே வந்தன. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். இரண்டிலும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டது உயர் நீதிமன்றம். கோளாறு என்பது ஆளில்லாமல் நடக்குமா என்ன?

முறைகேட்டை அம்பலப்படுத்துவோரின் பெயரை வெளியிடுபவருக்கு 3 ஆண்டு வரை சிறை என்று நாடாளுமன்றம் 2014இலேயே சட்டம் போட்டுவிட்டது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு மட்டும் இன்றுவரை வரவில்லை. அரசின் ரகசியத்துக்கோ 1923 முதல் சட்டம் உயிரோடு இருக்கிறது.

நம் எம்.பி. தெருவுக்கு வரும்போது, ரோடு, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்: அந்த அறிவிப்பு எப்போது? யாருடைய எஃப்ஐஆர் நகல் வாட்ஸ்அப்பில் வந்தாலும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கசிந்ததை ஊர் முழுக்கச் சேர்ப்பது நாம்தான்.

ரயில்வே யார்டு, துறைமுகம், மணலியில் உள்ள மத்திய அரசு ஆலை போன்ற மத்திய அரசு இடங்களில் நடக்கும் ஊழல் தெரிந்தவர்கள், உறையை நன்றாக ஒட்டி, பொதுநலப் புகார் என்று காட்டும் 'பிஐடிபிஐ' (PIDPI) என்ற எழுத்துகளை மேலே எழுதி, டெல்லியில் உள்ள மத்திய விஜிலன்ஸ் கமிஷன் செயலாளருக்குத் தபாலில் அனுப்பலாம். உங்கள் பெயரும் விலாசமும் உள்ளே கடிதத்தில் இருக்கட்டும், உறைமேல் வேண்டாம். அதே புகாரை வேறு எந்த அலுவலகத்துக்கும் அனுப்பாதீர்கள்.