வாடகைக்கு ஒரு வெந்நீர்த் தொட்டி



சிறுதொழில் சிறப்பிதழ் வருகிறது என்று அறிவித்ததிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. இட்லி மாவு, தையல், ஆட்டுப்பண்ணை என்று நீங்கள் கேட்டவை பலவற்றுக்கு உள்பக்கங்களில் பதில் இருக்கிறது. ஒரு கடிதத்துக்கு மட்டும் நானே இங்கே பதில் எழுத ஆசைப்படுகிறேன். இங்கிலாந்தின் வடபகுதியில் குடியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியது. கணவருக்கு வேலை நேரம் குறைந்துவிட்டதாம். வேன் ஒன்று கைவசம் இருக்கிறதாம். வார இறுதிகளில் வீடுகளுக்கு ஹாட் டப் வாடகைக்கு விடலாமா என்று இருவரும் யோசிக்கிறார்கள். “முதல் எவ்வளவு வேண்டும், கையில் எவ்வளவு நிற்கும்?” என்பது அவர் கேள்வி.

நம் ஊர் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். ஐந்தாறு பேர் சேர்ந்து உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய தொட்டி. காற்றடித்து எழுப்புவதும் உண்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்த்ததும் உண்டு. வெள்ளிக்கிழமை வாக்கில் கொண்டுவந்து வீட்டுத் தோட்டத்தில் வைப்பார்கள். வீட்டுக்காரர்கள் பிறந்தநாளோ மணநாளோ கொண்டாடிவிட்டு, திங்களன்று திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். குளிரும் இருட்டும் பாதி ஆண்டை விழுங்கிவிடும் நாட்டில், கழுத்தளவு வெந்நீரில் வானம் பார்த்து உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பதை அங்கே ஒரு குளிர்காலம் கழித்தவர்கள் அறிவார்கள். பொதுக் குளங்கள் பூட்டிக் கிடந்த 2020இல் இந்த வாடகைக்குப் பிரிட்டனில் நல்ல கிராக்கி இருந்தது.

சகோதரி, இந்தத் தொட்டி பிறந்த கதை உங்களுக்குப் பிடிக்கும். இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஜக்கூஸி சகோதரர்கள் ஏழு பேர். முதலில் விமானத்துக்கான சுழல்விசிறிகள் செய்தார்கள், பிறகு விமானமே கட்டினார்கள். 1921இல் அவர்களுடைய விமானம் விழுந்து சகோதரர்களில் ஒருவர் இறந்துபோனார். அதோடு ஆகாயத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் பம்புகளுக்குத் திரும்பினார்கள். கடைசித் தம்பி காண்டிடோவின் மகன் கென்னத்துக்குக் குழந்தையாக இருக்கும்போதே முடக்குவாதம் வந்துவிட்டது. மருத்துவமனையில் சுழல்நீர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். அங்கே வலி தணியும், வீடு திரும்பினால் மறுபடி தொடங்கும். கையில் இருந்த தொழில் பம்புத் தொழில். வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறக்கிவைக்கிற மாதிரி ஒரு பம்பை மகனுக்காகவே காண்டிடோ உருவாக்கினார். 1956இல் அது ஜே-300 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பம்பும் தொட்டியும் ஒன்றாக இணைந்த வடிவத்தை அதே குடும்பத்தின் ராய் ஜக்கூஸி 1968இல் கொண்டுவந்தார்.

உல்லாசப் பொருளாக நாம் பார்க்கும் இது, வலியில் துடித்த ஒரு குழந்தைக்காகச் செய்யப்பட்டது. உங்களைக் கூப்பிடப் போகிறவர்களிலும் மூட்டுவலிக்காரப் பாட்டிகள் இருப்பார்கள். விளம்பரத்தில் இளவட்டங்களின் படத்தை மட்டும் போடாதீர்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். பணக் கணக்குக்கு முன்னால் தண்ணீர்க் கணக்கு.

நடுத்தரத் தொட்டி ஒன்று ஏறத்தாழ 1,000 லிட்டர் பிடிக்கும். அதாவது ஒரு டன். ஆறு பேர் ஏறி உட்கார்ந்தால் இன்னும் 400 கிலோ. மரப்பலகைத் தளத்தின் மீது வைக்கச் சொல்கிறவர்களிடம் முடியாது என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். குழாயில் 10 டிகிரியில் வரும் தண்ணீரை 38 டிகிரிக்கு ஏற்ற சுமார் 33 யூனிட் மின்சாரம் ஆகும். சாதாரண பிளக்கில் ஓடும் 2 கிலோவாட் ஹீட்டருக்கு இது பதினாறு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை. வெளியே குளிர் கடுமையாக இருந்தால் இருபதைத் தாண்டும். ஆகவே வெள்ளி மாலை விருந்துக்கு வெள்ளி மதியம் போய் நின்றால், வாடிக்கையாளர் குளிர்ந்த தண்ணீரில்தான் கால் வைப்பார். வியாழனே கொண்டுபோய் நிரப்பியாக வேண்டும். ஒரு தொட்டியால் வாரத்தில் ஒரு வீட்டுக்குத்தான் போக முடியும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். இரண்டு நாள் வாடகையை நான்கு நாள் உழைப்பின் மீது பரப்பிப் பார்த்து விலை சொல்லுங்கள். மின்கட்டணம் அவர்களுடைய மீட்டரில் ஏறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்துகொண்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

நான் இரவில் யோசித்துக்கொண்டிருந்தது சுத்தத்தைப் பற்றி. ஒலிம்பிக் நீச்சல் குளம் 25 லட்சம் லிட்டர் பிடிக்கும். உங்கள் தொட்டியில் ஆறு பேர் உட்காரும் அதே நெருக்கத்தில் அந்தக் குளத்தை நிரப்பினால் 15,000 பேர் இறங்க வேண்டும்! அத்தனை வியர்வை, அத்தனை எண்ணெய், அத்தனை சோப்பு மிச்சம். போதாததற்குத் தண்ணீர் சூடானது, குமிழி விடுவது. இரண்டும் குளோரினை விரைவாகத் தீர்த்துவிடும். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெப்பம் லெஜியனெல்லா என்ற கிருமிக்கு உகந்தது. குழாய்களின் உட்புறத்தில் வழவழப்பாய்ப் படியும் நுண்ணுயிர்ப் படலத்தில் அது குடியிருக்கும். குமிழிகள் வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளோடு காற்றில் ஏறும். மூச்சில் போனால் கடும் நிமோனியா.

1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. விற்பனைக்கு வைத்த சுழல்நீர்த் தொட்டி ஒன்று அங்கே காட்சிக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கமாக நடந்து போனவர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள், அவ்வளவுதான். நூற்றுக்கும் அதிகமானோர் நோயில் விழுந்தார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சுத்தம் செய்யும் நேரத்தையும் செலவையும் விலையில் சேர்க்காமல், பக்கத்து ஊர்க்காரரைவிடப் பத்து பவுண்டு குறைத்துக் கொடுக்க உங்களுக்குத் தோன்றும் நாளில் இந்தக் கண்காட்சி நினைவுக்கு வர வேண்டும்.

பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் இதற்கென்றே எச்எஸ்ஜி282 என்ற வழிகாட்டியை 2017இல் வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொட்டி வாங்கும் முன் இருவரும் உட்கார்ந்து அதைப் படித்துவிடுங்கள். வாடகைக்குப் போகும் தொட்டியை ஒவ்வொரு குடும்பம் பயன்படுத்தியபின்பும் முழுக்க வடித்து, கழுவி, கிருமி நீக்கிப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். குளோரின் லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம், பிஎச் 7.0 முதல் 7.6. கண்ணுக்குத் தெரியும் தொட்டியைத் துடைப்பது சுலபம். குழாய்க்குள் தேங்கும் கடைசிக் குவளைத் தண்ணீர்தான் ஆபத்து. வடித்துவிட்டு ஈரத்தோடு சுருட்டி கராஜில் போடுவதைப் போன்ற தவறு வேறில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி கிரேம் ஏழு வயதுச் சிறுமி. 2002இல் ஒரு விருந்தில் இப்படியொரு தொட்டியில் இறங்கியவளை அடியிலிருந்த வடிகாலின் உறிஞ்சு விசை பிடித்துக்கொண்டது. தாய் இழுத்துப் பார்த்தும் விடுவிக்க முடியவில்லை. பிள்ளை பிழைக்கவில்லை. அந்தத் தாய் ஓயாமல் போராடினார். 2007இல் அமெரிக்காவில் மகளின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. பொதுக் குளங்களிலும் ஸ்பாக்களிலும் உறிஞ்சிப் பிடிக்காத வடிகால் மூடிகளை அது கட்டாயமாக்கியது. பழைய தொட்டி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கப் போனால், முதலில் குனிந்து அந்த மூடியைப் பாருங்கள். விரிசல் இருந்தால் வேண்டாம்.

வேன் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பன்னிரண்டு பிள்ளைகளில் மூத்தவரான பூனிம் லாஸ்கின் என்ற அமெரிக்க இளைஞர், சும்மா கிடந்த பக்கத்து வீட்டு நீச்சல் குளத்தைப் பராமரிப்புச் செலவில் பங்கு கொடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்த ஸ்விம்ப்ளி நிறுவனத்தின் வழியே இன்று வீட்டுக்காரர்கள் தங்கள் குளத்தையும் வெந்நீர்த் தொட்டியையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஆனால் மணிக்கொரு குடும்பம் மாறும் இடத்தில் தண்ணீரைக் காப்பது இன்னும் கடினம். அக்கம்பக்கத்தாரின் தூக்கமும் கெடும். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு, ஒரு வாரத்துக்கு ஒரு வீடு என்ற நிதானமே நல்லது என்று நினைக்கிறேன்.

ஒன்றுக்கு இரண்டாக நல்ல தொட்டிகளை வாங்கி, முதல் ஆண்டை அவற்றோடு ஓட்டுங்கள். கடன் வாங்கி ஐந்தாறு வாங்க வேண்டாம். நன்றாகக் கழுவ ஒரு முழு நாள் ஒதுக்க முடிகிற அளவுக்குத்தான் தொட்டிகள் இருக்க வேண்டும். காப்பீடு எடுக்கும்போது வாடகைத் தொழில் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மின் கசிவானால் உடனே துண்டிக்கும் கருவி இல்லாத பிளக்கில் இணைக்காதீர்கள். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இறங்கக் கூடாது, கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், குடித்துவிட்டு யாரும் உட்காரக் கூடாது. இவற்றை ஒரு அட்டையில் எழுதி, கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். தேதி, குளோரின் அளவு, கழுவியவர் பெயர் என்று ஒரு பதிவேடு வையுங்கள். முதல் தொட்டிக்குப் பணம் கட்டும் முன் உங்கள் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரியை நீங்களாகவே அழைத்துப் பேசிவிடுங்கள். அவர் சொன்னதையும் எங்களுக்கு எழுதுங்கள். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்காக அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்