சிறு சரக்கு மோட்டார்: ஹைபிரிட்டா, பெட்ரோலா?

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இரட்டை மாட்டு வண்டி ஓடிய தடத்தைச் சிறு சரக்கு மோட்டார் பிடித்துக்கொண்டு விட்டது. 2005-ஆம் வருஷத்தில் டாட்டா கம்பெனியார் ‘ஏஸ்’ என்னும் வண்டியை வெளியிட்டனர். நம் ஜனங்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டனர். பின்னர் 2011-ல் அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’தும், 2016-ல் மாருதியின் ‘சூப்பர் கேரி’யும் வந்து சேர்ந்தன. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும், குடியாத்தம் பக்கத்துத் தேங்காயும், பொய்கைச் சந்தைக்குப் போகும் கன்றுகாலிகளும் இப்பொழுது இத்தகைய வண்டிகளில் ஏறிச் செல்வதை எவரும் காணலாம். கடன் பெற்று வண்டி வாங்க எண்ணும் நிலச்சுவான்தார்கள், எந்த யந்திரம் பொருத்திய வண்டி அநுகூலமானது என்று இலாகா ஊழியர்களையே கேட்கிறார்கள். பயிர் சம்பந்தமற்ற கேள்வி என்று இதனைத் தள்ளிவிடுவதற்கில்லை. வண்டியின் தவணை நிலத்தின் வருமானத்திலிருந்தன்றோ கட்டப்பட வேண்டும்?

ஹைபிரிட் என்ற சொல் குடியானவருக்குப் புதிதன்று. தக்காளியிலும் மக்காச்சோளத்திலும் வீரிய ஒட்டு ரகங்களை நாம் நெடுநாளாக அறிவோம். மோட்டாரில் ஹைபிரிட் என்பது, ஒரே வண்டியில் பெட்ரோல் யந்திரமும் மின்சார மோட்டாரும் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடாகும். சாதாரண வண்டியில் பிரேக் போடும்போது ஓட்டத்தின் சக்தி முழுவதும் வெறும் சூடாக வீணாகிவிடும். ஹைபிரிட் வண்டியிலோ அதில் ஒரு பகுதி மின்சாரமாக மாறி பாட்டரியில் சேருகிறது. மறுபடி வண்டி புறப்படும்போது அந்த மின்சாரமே தள்ளிக் கொடுக்கிறது. வண்டி நிற்கும் நேரத்தில் பெட்ரோல் யந்திரமும் நின்றுவிடுகிறது. 1997-ல் ஜப்பானில் டொயோட்டா கம்பெனியார் ‘பிரியஸ்’ காரில் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தனர். நம் தேசத்தில் 2022-ல் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் முதலிய கார்களில் இது வந்தது. குட்டி யானை ஜாதி வண்டிகளிலோ பெட்ரோல், டீசல், அழுத்த வாயு, மின்சாரம் ஆகியவையே வழக்கில் உள்ளன. காருக்கு வந்தது சரக்கு வண்டிக்கும் வரக்கூடும் என்பதால், அதற்காகக் காத்திருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இங்கே ஒரு வார்த்தை: அமெரிக்கர்கள் பெட்ரோலையே ‘காஸ்’ என்பார்கள். அந்நாட்டு வண்டிகளைக் கைபேசியில் பார்க்கும் நம் வாலிபர்கள், அங்கே சொல்லும் காஸ் வண்டியை நம் ஊர்க் காஸ் வண்டியென்று கொண்டு குழம்ப வேண்டாம்.

காத்திருப்பதனால் லாபமுண்டா என்பதற்கு அமெரிக்காவிலேயே நல்ல அத்தாட்சி இருக்கிறது. அங்கே போர்டு கம்பெனியார் ‘மாவெரிக்’ என்னும் சிறு பிக்கப் வண்டியை 2022-ஆம் வருஷ மாடலாக ஹைபிரிட்டிலும் பெட்ரோலிலும் வெளியிட்டனர். அத்தேசத்துச் சர்க்கார் அளவையை நம் கணக்கிற்கு மாற்றினால், முன்சக்கரங்களால் இயங்கும் வகையில், ஊருக்குள் ஓட்டும்போது ஹைபிரிட் லிட்டருக்கு ஏறக்குறைய 18 கிலோமீட்டரும், பெட்ரோல் வண்டி 10 கிலோமீட்டரும் கொடுக்கின்றன. நெடுஞ்சாலையிலோ ஹைபிரிட் 14, பெட்ரோல் 12¾. அதாவது 100 கிலோமீட்டருக்கு ஊருக்குள் நாலரை லிட்டருக்கு மேல் மிச்சம். நெடுஞ்சாலையில் முக்கால் லிட்டர்கூட மிச்சமில்லை! பிரேக் போடாத இடத்தில் திரும்பப் பெறுவதற்குச் சக்தி ஏது? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுவது முதற் கணக்கை. நம்முடைய வண்டி பெரும்பாலும் ஓடுவது இரண்டாவது கணக்கில்.

ஆம்பூரைச் சுற்றியுள்ள ஒரு மிராசுதாரர் வாரத்திற்கு இருமுறை காய்கறி ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் போய்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். போக வர ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் ஒருமுறை நிற்பதைத் தவிர, பெங்களூர்ச் சாலையில் ஒரே சீரான ஓட்டம். வருஷத்தில் 100 நடை என்றால் 10,000 கிலோமீட்டர். மிச்சமாகும் பெட்ரோல் சுமார் 70 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 7,000 ரூபாய். ஹைபிரிட்டுக்கு அதிகப்படி விலை ஒன்றரை லக்ஷம் என்று கொண்டால், வட்டியை விட்டுவிட்டாலும் அது திரும்ப 20 வருஷங்களுக்கு மேலாகும். அவ்வளவு காலம் வண்டி உழைப்பதே துர்லபம். வேலூர்ப் பட்டணத்திற்குள் கடைகடையாக நின்று சரக்கு இறக்கும் வியாபாரி நாளொன்றுக்கு 60 கிலோமீட்டராக 300 நாள் ஓட்டினால், அவருக்கு 800 லிட்டருக்கு மேல் மிச்சமாகி, அதே பணம் இரண்டு வருஷத்திற்குள் திரும்பிவிடும். மாவெரிக் நம் வண்டிகளைவிடப் பெரியது; நம் சிறு வண்டி குடிக்கும் பெட்ரோலே குறைவாதலால், மிச்சமும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே மிராசுதாரருக்குக் கணக்கு இன்னும் பாதகமாகுமேயன்றிச் சாதகமாகாது.

பாரத்தையும் கவனிக்க வேண்டும். மேற்படி மாவெரிக் வண்டியிலேயே, பின்னால் இழுக்கும் பாரம் ஹைபிரிட்டுக்கு 900 கிலோ அளவுதான். பெட்ரோல் யந்திரத்தில் அதற்கென்ற சாதனங்களுடன் வாங்கினால் 1,800 கிலோ. முதலில் வந்த ஏஸ் வண்டி முக்கால் டன் பாரத்திற்கென்று செய்யப்பட்டது. அதில் ஒன்றரை டன் ஏற்றும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டென்பதை நான் எழுதித் தெரியவேண்டியதில்லை. எந்த யந்திரமும் அதற்குச் சம்மதியாது. நுட்பமான யந்திரமோ சற்றும் சம்மதியாது.

மலைப்பாதை இதற்கு விலக்கு. ஜவ்வாது மலையிலிருந்து பாரத்துடன் இறங்கும் வண்டி, ஹைபிரிட்டாயின், இறக்கம் முழுவதும் பாட்டரியை நிரப்பிக்கொண்டே வரும், பிரேக்கும் தேயாது. ஆயினும் பாட்டரி சிறியதாகையால் பாதி வழியிலேயே நிரம்பிவிடுவதும் உண்டு. கிராமங்கள்தோறும் நின்று நின்று பால் சேகரிக்கும் வண்டிக்கும் ஹைபிரிட் பொருத்தமானதே என்பது என் அபிப்பிராயம்.

தோல் பிரதேசத்திற்கே உரிய விஷயம் ஒன்றுண்டு. சந்தைக்குக் காய்கறி கொண்டுபோன வண்டி வெறுமனே திரும்பாதிருக்க, சிலர் உப்பிட்ட பச்சைத் தோலை ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி டேனரிகளுக்கு ஏற்றிவருகிறார்கள். தோலிலிருந்து ஒழுகும் உப்புநீர் தட்டுப் பலகையின் இடுக்குகளில் இறங்கி, அடிச்சட்டத்தையும் மின்கம்பிகளின் இணைப்புகளையும் அரிக்கிறது. உப்பு செய்யும் கெடுதியைப் பாலாற்றங்கரையாருக்கு ஒருவர் சொல்ல வேண்டுமா? டேனரிக் கழிவால் கெட்ட கிணறுகளும் நிலங்களும் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு வரையில் சென்றன. ஹைபிரிட் வண்டியின் அடியில் ஓடுவது 100 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரக் கம்பி. அதன் இணைப்பு அரித்துப்போனால் ஊர் மெக்கானிக் கைவைக்கக் கூடாது. பயிற்சி பெற்றவரைத் தேடியே போகவேண்டும். பாட்டரிக்குப் பல வருஷம் உத்தரவாதம் உண்டென்பது மெய்யே. ஆனால் உப்பால் நேர்ந்த சேதம் அதில் அடங்குமா என்று பத்திரத்தைப் படித்துக் கேட்டபிறகே கையெழுத்திடவும். தோல் ஏற்றிய வண்டியை நல்ல தண்ணீரால் அடிப்பாகம் வரை கழுவாமல் அடுத்த நாள் கத்தரிக்காய் ஏற்றுவது எந்த வண்டியானாலும் தகாது.

அழுத்த வாயுவும் பெட்ரோலும் இரண்டும் ஏற்கும் வண்டியை நான் ஹைபிரிட்டைவிட நம்மவர்க்கு அருகிலுள்ளதாகக் கருதுகிறேன். இது முற்றிலும் புதுமையன்று. 1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, சென்னை ராஜதானியில் பஸ்கள் கரிவாயுவால் ஓடின. வாயுவில் இழுப்புச் சக்தி குறையும் என்பது அக்காலத்து டிரைவர்கள் அறிந்தது. அழுத்த வாயுவிலும் சிறிதளவு குறையத்தான் செய்யும். உருளை இடத்தையும் எடையையும் பிடித்துக்கொள்ளும்; மூன்று வருஷத்திற்கொருமுறை அதனைப் பரீக்ஷை செய்விக்க வேண்டும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில் வாயு பம்பு இல்லாவிட்டால் மட்டும் பொறுக்க முடியாது. வாயு நிரப்புவதற்கென்றே 15 கிலோமீட்டர் சுற்றிப் போகிறவர் மிச்சப்படுத்துவது ஒன்றுமில்லை. டீசலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: 2020-ல் வந்த புதிய புகை விதிகளுக்குப் பின் டீசல் வண்டிகளில் வைக்கும் கரித்துகள் வடிகட்டி, குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அடைத்துக்கொள்ளும்.

மின்சார வண்டியைப் பற்றிக் கிராம அதிகாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஏஸ் வண்டியே 2022-ல் மின்சாரத்தில் வந்திருக்கிறது. பம்புசெட்டுக்கென்று சர்க்கார் இலவசமாகத் தரும் மின்சாரத்தில் அதற்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று சிலர் எண்ணுவதாகக் கேள்வி. அது சட்ட விரோதம், அபராதத்திற்கு இடமாகும். வீட்டு இணைப்பானாலும், விதி என்னவென்று மின்வாரிய அலுவலகத்தில் முன்னதாக விசாரித்துக்கொள்வதே முறை.

இப்பொழுது வண்டி வாங்கியே தீரவேண்டிய மிராசுதாரர் ஹைபிரிட்டுக்காகக் காத்திராமல், வழியில் வாயு பம்பு இருப்பின் இரண்டும் ஏற்கும் வண்டியையும், இல்லையேல் சாதாரணப் பெட்ரோல் வண்டியையும் வாங்கலாம். வருஷத்தில் 100 நாளுக்குக் குறைவாக ஓடும் வண்டியை வாங்குவதைவிட வாடகைக்கு அமர்த்துவதே மேல். அல்லது உழவர் உற்பத்தியாளர் கம்பெனியின் பேரில் பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். வாங்குமுன் ஒரு மாத காலம் வாடகை வண்டியில் போய்வந்து, எத்தனை நடை, எவ்வளவு தூரம், எத்தனை இடத்தில் நிறுத்தம், எத்தனை கிலோ பாரம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு கம்பெனி ஏஜெண்டிடம் போகவும். வெறும் வண்டியை ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாமல், உங்கள் வழக்கமான பாரத்தை ஏற்றி, உங்கள் வழியிலேயே ஓட்டிக் காட்டும்படி கேட்கவும்.