தொலைந்து போன ஒரு வயது

நமக்குப் பிறந்த தினம் இரண்டு உண்டு. அவதார புருஷர்களுக்குக்கூட ஒன்றுதானே என்று நேயர்கள் ஆச்சரியப்பட வேண்டாம். தாயார் சொல்லும் பிறந்த தினம் ஆவணி மாதத்தில் வருகிறது. பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தர் சொல்வதோ ஜூன் மாதம் முதல் தேதி. வயது நிரம்பவில்லையென்று எங்கே பையனைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, தகப்பனார் அன்று வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொன்னார். தலைமை ஆசிரியரும் எழுதிக் கொண்டார். அது முதல் ஸர்க்கார் கணக்கில் நாம் இரண்டரை மாதம் மூத்தவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும்போது இரண்டரை மாதச் சம்பளம் குறையும். அதைத் தவிர வேறு நஷ்டமில்லை.

இந்தச் சொந்தக் கதை இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம், நம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி. டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றில் ஆடிப் பாடி நாலு பேருக்குத் தெரிந்தவளாகி விட்டாள். சென்ற மாதம் வராந்தாவில் நிறுத்தி, "உனக்கு வயது என்னம்மா?" என்று கேட்டோம். "இங்கே எட்டு ஸார், டி.வி.யிலே ஆறு!" என்று சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். நாமும் சிரித்தோம். வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஷர்லி டெம்பிளின் நினைவு வந்தது. சிரிப்பு நின்று போயிற்று.

ஷர்லி டெம்பிள் என்ற பெயர் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1935-ம் வருஷத்திலிருந்து 1938 வரையில் அமெரிக்க ஸினிமாக் கொட்டகைகளில் வசூலில் முதல் ஸ்தானம் வகித்தவர் எந்தப் பெரிய கதாநாயகருமல்ல. பால் பற்கள் விழுந்து கொண்டிருந்த இந்தச் சிறுமிதான். 'இந்தியாவின் ஷர்லி டெம்பிள்' என்று பட்டம் பெற்ற நம்முடைய பேபி ஸரோஜாவை 'பாலயோகினி'யிலும் 'தியாகபூமி'யிலும் கண்டு மயங்கியவர்கள், தங்கள் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கெல்லாம் ஸரோஜா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பட்டத்துக்கு அஸலான சொந்தக்காரியின் கதைதான் இது.

ஷர்லி 1928-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 23-ந் தேதி கலிபோர்னியாவில் ஸான்டா மோனிகா என்னும் ஊரில் பிறந்தாள். தகப்பனார் ஜார்ஜ் டெம்பிள் ஒரு பாங்கி உத்தியோகஸ்தர். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். தாயார் கெர்ட்ரூடுக்கு மூன்றாவது பெண்ணாகப் பிறக்க வேண்டும், அதுவும் கலைச்செல்வியாகப் பிறக்க வேண்டும் என்று ஆசை. கர்ப்பமாயிருந்தபோதே நல்ல சங்கீதமாகக் கேட்டு வந்தாளாம். நம் அபிமன்யுவின் கதை அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்காது. வயிற்றிலிருந்தபடியே வித்தை கற்ற பிள்ளைக்குச் சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரிந்ததேயன்றி, வெளியே வரத் தெரியவில்லை என்பதை நாம் அறிவோம்.

மூன்று வயதில் நடனப் பள்ளியில் சேர்த்தார்கள். 1932-ல் ஒரு சில்லறைப் படக் கம்பெனியின் டைரக்டர் குழந்தைகளைப் பொறுக்க வந்தபோது ஷர்லி பியானோவுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டாள். ஒளிந்தவளைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். அந்தக் கம்பெனி எடுத்தவை, நாலைந்து வயதுக் குழந்தைகளை விட்டுப் பெரியவர்களின் படங்களைப் பரிகாசம் செய்யும் குட்டிப் படங்கள். இடுப்பில் குழந்தைத் துணியும் பெரிய ஊசியும்; அதற்கு மேலே நடனக்காரியின் வேஷமும், பட்டாளத்துக்காரனின் சட்டையும். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. ஆனால் அங்கே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. ஆள் உள்ளே போய் நிற்கக் கூடிய பெட்டி. சொன்னபடி கேளாத குழந்தையை அதற்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். உள்ளே உட்காருவதற்கு இருப்பது ஒரு பனிக்கட்டிப் பாளம்! வெளியே போய்ச் சொன்னால் மறுபடியும் பெட்டிதான் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். ஷர்லி தாயாரிடம் சொல்லியும் பார்த்தாள். குழந்தையின் கற்பனை என்று அவள் எண்ணிவிட்டாள். நேரத்தை வீணாக்கினால் பணம் வீண், பணம் வீணானால் தனக்கு ஆபத்து என்பதே அந்தப் பெட்டியில் தான் கற்ற பாடம் என்று பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையில் ஷர்லி சொல்லியிருக்கிறாள். இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிற நமக்கு இதைப் படித்தபோது உடம்பு கூசிற்று. அந்தப் பாடத்தைக் கற்ற மாணவிக்கு வயது நாலு!

சில்லறைக் கம்பெனி திவாலாயிற்று. 25 டாலர் கொடுத்துத் தகப்பனார் மகளின் ஒப்பந்தத்தைத் திருப்பி வாங்கிக் கொண்டார். 1933-ம் வருஷக் கடைசியில் பாக்ஸ் கம்பெனியார் வாரம் 150 டாலர் சம்பளத்துக்கு அவளை அமர்த்தினார்கள். மறு வருஷத்திலேயே சம்பளம் வாரம் 1,000 டாலராயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத வயது. ஆகவே இரவில் படுக்கையில் தாயார் வசனத்தைப் படித்துக் காட்டுவாள். ஷர்லிக்குத் தன் வசனம் மட்டுமல்ல, எல்லோருடைய வசனமும் பாடமாகிவிடும். பழுத்த நடிகர்கள் தடுமாறினால் எடுத்துக் கொடுப்பாள். அவர்களுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். தலையில் சுருள் சுருளாக ஐம்பத்தாறு சுருள்கள். இரவுதோறும் தாயார் எண்ணிச் சுருட்டிவிடுவாள். படம் பிடிக்கத் தொடங்குமுன், ஜொலிக்க வேண்டும், ஜொலிக்க வேண்டும் என்று குழந்தைக்கு உற்சாகமூட்டுவதும் அவளே. 1935-ம் வருஷம் பிப்ரவரியில் ஷர்லிக்குக் குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட ஆஸ்கார் பரிசு கிடைத்தது. சின்னஞ்சிறு பொம்மை, அதைப் பெற்ற முதல் குழந்தை அவளேயாவாள்.

அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஜனங்கள் வேலையில்லாமல் திண்டாடிய காலம் அது. ஒரு குழந்தை சிரிப்பதைப் பார்க்கச் சில்லறை கொடுத்து உள்ளே போனார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கூட அவளை வாயாரப் புகழ்ந்தார். அந்த ரூஸ்வெல்ட்டின் பத்தினியார் குனிந்து அடுப்பில் மாமிசத்தைத் திருப்பிக் கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஷர்லி கவண்கல்லால் குறி பார்த்து அடித்து, அன்றிரவு தாயாரிடம் அடி வாங்கினாள் என்பது வேறு விஷயம். 1938-ல் நடந்த இந்தச் சம்பவத்தைப் படித்து நாம் மிகவும் ஆறுதலடைந்தோம். அப்போது அவளிடம் இன்னும் குழந்தை மிச்சமிருந்தது!

1935-ல் 'லிட்டில் கர்னல்' என்ற படத்தில் பில் ராபின்ஸன் என்னும் நீக்ரோ நடனக் கலைஞரோடு மாடிப்படிகளில் ஏறி இறங்கி ஆடினாள். வெள்ளைக் குழந்தையும் கறுப்பு மனிதரும் சேர்ந்து ஆடுவதை ஹாலிவுட் படத்தில் ஜனங்கள் அதுவரை பார்த்ததில்லை. தென் மாகாணங்களில் அவர்கள் கைகோத்து நிற்கும் பகுதியை வெட்டி எறிந்தார்களாம். குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது. கடைசி வரையில் தன்னோடு ஆடியவர்களில் அவரைத்தான் மிகவும் பிரியமாக நினைத்திருந்தாள்.

நம் தேசத்துக்குக்கூட அவள் வந்தாள். அதாவது கலிபோர்னியாவில் அட்டையும் பலகையும் வைத்துக் கட்டிய நம் தேசத்துக்கு! 1937-ல் வெளியான 'வீ வில்லி விங்கி' கிப்ளிங் எழுதிய கதை. கதையில் ஆண் பிள்ளை, ஷர்லிக்காகப் பெண்ணாக்கினார்கள். வடமேற்கு எல்லைப்புறத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கும் மலைஜாதித் தலைவனுக்கும் சண்டை; சிறுமி ஒருத்தி நடுவில் புகுந்து சமாதானம் செய்து வைக்கிறாள். சுதந்திரத்துக்குப் போராடும் மனிதர்களை ஒரு குழந்தையின் கன்னக்குழியைக் காட்டிச் சமாதானப்படுத்திவிடலாம் என்று வெள்ளைக்காரர்கள் நினைத்திருந்தால், அது கிப்ளிங்கோடு போகக் கூடிய நினைப்புத்தான்.

அந்தப் படத்துக்கு மதிப்புரை எழுதிய ஆங்கில ஆசிரியர் கிரஹாம் கிரீன், குழந்தையின் குழந்தைத்தனத்தைக் காட்டியல்ல, வயது வந்த ஆடவர்களின் கண்ணுக்கு விருந்தாகக் காட்டியே கம்பெனியார் பணம் பண்ணுகிறார்கள் என்ற பொருள்படக் கடுமையாக எழுதிவிட்டார். வழக்கு நடந்து 1938-ல் 3,500 பவுன் நஷ்டஈடு தீர்ப்பாயிற்று. கிரீன் உபயோகித்த வார்த்தைகள் ஒரு குழந்தையைப் பற்றி எழுதத் தகாதவை என்றே நமக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்தக் குட்டிப் படங்களின் நடனக்காரி வேஷத்தை நினைத்தால், அவர் கேட்ட கேள்வியைத் தகாதது என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

இனி வயதுக்கு வருவோம். ஷர்லியைப் பாக்ஸ் கம்பெனியார் அமர்த்தியவுடனேயே அவள் வயதில் ஒரு வருஷத்தைக் குறைத்துவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் 1928 போய் 1929 வந்து உட்கார்ந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் ஐரோப்பாவில் பலர் இவள் குழந்தையே அல்ல, முப்பது வயதுக் குள்ளி என்று வதந்தி பரப்பிக் கொண்டிருந்தார்கள். முதலாளிகள் ஒரு வயதைக் குறைத்தார்கள். ஊரார் இருபது வயதைக் கூட்டினார்கள். தன் வயது என்ன என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. பெற்றோருக்குத் தெரியும், சொல்லவில்லை. ஆறாவது வயதில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஒருவரைப் பார்க்க ஒரு கடைக்குப் போனாளாம். அவர் இவளிடம் கையெழுத்துக் கேட்டார். அன்றோடு கிறிஸ்துமஸ் தாத்தாவில் நம்பிக்கை போயிற்று என்று அவளே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த ஆறுகூட அஸல் ஆறா, கம்பெனி ஆறா என்று நாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1940-ல் 'நீலப் பறவை' என்ற படம் தோல்வியடைந்தது. குழந்தை வளர்ந்துவிட்டாள், சுருள் முடியை ஜனங்கள் மறக்கத் தொடங்கினார்கள். பெற்றோர் ஒப்பந்தத்தை முடித்துக் கொண்டு, பெண்ணை முதன் முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதுவரையில் படிப்பெல்லாம் ஸ்டூடியோவுக்குள் ஒரு குடிலில், தனி உபாத்தியாயினியிடம். மறு வருஷம் பிறந்த நாளின்போது, பன்னிரண்டு நிரம்புகிறது என்று எண்ணியிருந்தவளிடம், உனக்குப் பதின்மூன்று என்று தாயார் உண்மையைச் சொன்னாள். ஒரு வருஷம் போனது எங்கே என்று அந்தப் பெண் யாரைக் கேட்பாள்?

வருஷம் போனது போகட்டும்; பணமாவது இருந்ததா? 1921-ல் சாப்ளினுடன் 'கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், இருபத்தோரு வயதானதும் தான் சம்பாதித்ததைக் கேட்டு, இல்லையென்று அறிந்து, தாயார் மீதும் மாற்றாந்தகப்பன் மீதும் 1938-ல் வழக்குப் போட்டான். மீட்க முடிந்தது சுமார் 1,26,000 டாலர்தான். அந்த அவமானத்தின் பேரில் 1939-ல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. ஷர்லி விஷயத்திலும், ஒரு பங்கைத் தனியாகப் போட்டு வைக்க வேண்டுமென்று கோர்ட்டு உத்தரவே இருந்தது. பாங்கி உத்தியோகஸ்தரான தகப்பனார் அதை நிறைவேற்றவில்லை! 1950-ல், இருபத்திரண்டாவது வயதில், கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, சம்பாதித்தது 32 லட்சம் டாலருக்கு மேல். நிதியில் மிஞ்சியது 44,000. பெற்றோரைக் குறை கூறி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்கிறார்கள். அவளுடைய பெருந்தன்மையை நாம் மெச்சுகிறோம். ஆனால் மகள் மன்னித்துவிட்டாள் என்பதனால் தகப்பனார் கணக்குச் சரியாகிவிடாது.

அந்த வருஷத்திலேயே ஸினிமாவை விட்டாள். பதினேழு வயதில் செய்து கொண்ட முதல் விவாகம் முறிந்து, இரண்டாவது விவாகம் ஐம்பது வருஷத்துக்கு மேல் நிலைத்தது. கானா நாட்டில் 1974-லும், செக்கோஸ்லோவேகியாவில் 1989-லும் அமெரிக்கத் தூதராகப் பதவி ஏற்றாள். 1972-ல் மார்பில் புற்றுநோய் கண்டபோது, அதை வாய்விட்டுச் சொல்லப் பெண்கள் கூசிய காலத்தில், பகிரங்கமாகச் சொல்லி மற்றவர்களையும் வைத்தியரிடம் போகத் தூண்டினாள். 2014-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி காலமானபோது அவளுக்கு வயது 85. மறுநாள் பத்திரிகைகளில் இந்தக் கணக்காவது சரியாக வந்தது. வியூகத்திலிருந்து வெளியே வரத் தெரிந்த அபிமன்யு என்று அவளைச் சொல்லலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தத் தைரியம் வாய்க்குமென்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

நம் தேசத்திலும் 2017-ல் விதிகள் செய்திருக்கிறார்கள். குழந்தையை நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கலாகாது. ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது. சேர்ந்தாற்போல் 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பாத்தியத்தில் நூற்றுக்கு 20 பங்காவது குழந்தையின் பெயரில் பாங்கியில் போட வேண்டும். படிப்பதற்கு மிகவும் திருப்தியாயிருக்கிறது.

நேற்று அந்தச் சிறுமியின் தகப்பனார் விடுமுறை விண்ணப்பத்தோடு வந்திருந்தார். பன்னிரண்டு நாள். பாங்கியில் குழந்தையின் பெயரில் கணக்கு இருக்கிறதா என்று கேட்டோம். "அதெல்லாம் கம்பெனிக்காரங்க பார்த்துக்குவாங்க ஸார்" என்றார். நல்ல மனிதர், குழந்தையின் மேல் உயிரையே வைத்திருக்கிறார். வயது விஷயத்தைக் கேட்டதற்கு, "அவங்களாத்தான் ஆறுன்னு போட்டாங்க ஸார், நாங்க ஒண்ணும் சொல்லலை" என்றார். விண்ணப்பம் நம் மேஜை அறையில் இன்னும் கையெழுத்தாகாமல் கிடக்கிறது.

அவர் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனபோது சிறுமி நம் பக்கத்தில் நின்று கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்த நாள். நிகழ்ச்சியிலேயே கேக் வெட்டப் போகிறார்களாம். "எத்தனை மெழுகுவத்தி வைப்பார்கள்?" என்று கேட்டோம். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. விரல்களை மடக்கினாள், மறுபடியும் பிரித்தாள்.

"அம்மாவைக் கேட்டுச் சொல்றேன் ஸார்" என்றாள்.