செல்லோவும் கண்டி மேளமும்

பல ஆண்டுகளுக்கு முன்னர், பாடம் நடந்துகொண்டிருக்கையில் வாங்கின்மீது விரலால் தாளம் போட்ட மாணவன் ஒருவனை எழுப்பி நிறுத்தினேன். "கோயில் வீதியில் அடிப்பதை இங்கே ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் தவிற்காரர் வீட்டுப் பிள்ளை. என் கேள்வியிற் சாதி மேட்டிமையும் கலந்திருந்தது என்பதை மறைக்கேன். அன்று நான் நடத்திக்கொண்டிருந்தது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை.

நம் நாட்டுச் செல்லோ வித்துவான் றொகான் டி சேரத்தின் வரலாற்றைப் படித்தபோது அந்த வகுப்பறை மீண்டும் என் கண்முன் வந்தது. செல்லோ வயலின் இனத்துப் பெரிய நரம்புக் கருவி. முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இசைப்பது. ஆண்மகன் குரலையொத்த கனிந்த நாதம் உடையது. டி சேரம் 1939ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையிலேயே இத்தாலி சென்று கஸ்பார் கசாடோவிடம் பாடங் கேட்டார். 1955இல் சுக்கியா பரிசு பெற்று, இலண்டனில் ஜோன் பார்பிரோலியிடமும், புவெர்டோ றிக்கோவில் பப்லோ கசல்ஸிடமும் பயின்றார். அவ்விருவரும் செல்லோ வாசித்ததோடு பல்லியக் குழுக்களையும் நடத்திய பெருமக்கள். (பல கருவிகள் கூடி ஒலிப்பதைப் பல்லியம் என்னும் நம் பழஞ்சொல்லாலன்றி வேறெதனாற் சொல்வது?) 1960இல் நியூயோர்க்கின் கார்னெகி மண்டபத்தில் வாசித்தார். இலண்டன் திரினிற்றி இசைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். ஆர்டிற்றி நால்வர் குழுவில் 2005 வரை கால் நூற்றாண்டுக்கு மேலாக வாசித்தார். 2024இல் மறைந்தார்.

இத்தனைக்கும் மேலாக எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அவர் கண்டி மேளத்தையும் பயின்றவர் என்பதே. இத்தாலிய இசைமேதை லூசியானோ பேரியோ தனிக்கருவிகளுக்கென எழுதிவந்த 'செக்குவென்சா' வரிசையின் பதினான்காம் உருப்படியை 2002ஆம் ஆண்டில் அவருக்கென்றே இயற்றினார். அதில் நரம்புகள் பாடுவதோடு அமையாமல், செல்லோவின் மர உடலையும் விரல்கள் தட்டுகின்றன. அந்தத் தாளம் கண்டி மேளத்தின் வழி வந்தது. பெரஹரா வீதியின் முழக்கம் மேனாட்டுச் சங்கீத மேடையில் இவ்வாறு ஏறியது. அதை ஏன் இங்கே அடிக்கிறாய் என்று பேரியோ கேட்கவில்லை. கேட்டறிந்து தம் படைப்பில் எழுதிவைத்தார்.

இளங்கோவடிகளும் அப்படிக் கேட்டாரல்லர். மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லுமிடத்து, யாழாசிரியன், குழலாசிரியன் ஆகியோரின் அமைதியைப் போலவே தண்ணுமை ஆசிரியனது அமைதியையும் விரித்துரைக்கிறார். அப்பகுதிக்கு நாம் பதவுரையும் பொழிப்பும் எழுதுவிக்கிறோம், புள்ளியும் இடுகிறோம். அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் (1933–1975) தவிலைத் தமிழகமே வியந்து கேட்டது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அக்கலையை விரல் நுனியில் வைத்துக்கொண்டு நம் முன்னே இருக்கும் சிறுவனை மாத்திரம் பாடத்தைக் குழப்புகிறவனாகக் காண்கிறோம்.

அரங்கேற்று காதை நடத்தும் தமிழாசிரியர்களை நான் வேண்டுவது ஒன்று. அந்தப் பாடத்துக்கு ஒரு நாளாவது தவில் வித்துவான் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். உரையாசிரியர் சொல்லாற் சொன்னதை அவர் கையாற் காட்டட்டும். சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும் என்று அதிபர் முகஞ்சுளித்தால், அந்த வகுப்பையும் கூட்டிவந்து இருத்துங்கள். நான் எழுப்பி நிறுத்திய மாணவன் பாடசாலையை விட்டுப் போகும்வரை என் பாடத்தில் மறுபடி விரலை அசைத்ததில்லை.