2024: எனக்குப் பிடித்த ஐந்து படங்கள்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எல்லோரும் பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறார்கள். சிறந்த பத்துப் படம், சிறந்த பாட்டு, சிறந்த நடிகர். நம் தோழர்களும் போடுகிறார்கள். ஆனால் நம் பட்டியல்களில் ஒரு வழக்கம் உண்டு. படம் பிடித்திருந்தது என்று யாரும் எழுதுவதில்லை. "முக்கியமான படம்", "பேச வேண்டிய அரசியலைப் பேசிய படம்", "அவசியம் பார்க்க வேண்டிய படம்" என்றுதான் எழுதுகிறோம், செமஸ்டருக்குப் பாடத்திட்டம் தயாரிப்பது போல.

இந்த முறை எனக்குப் பிடித்த படங்களை மட்டும் எழுதுகிறேன். இரண்டாவது முறையும் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கத் தோன்றிய படங்கள். ரசிகையாகப் பேசுவதென்றால் அரசியலுக்கு லீவு போடுவது என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ரசிகர் மன்றத்துக்குக் கொடி கட்டியதில், கட்-அவுட் மேல் ஏறி மாலை போட்டதில் நம் தெருப் பையன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போது திரையில் என்ன ஓடியது? 1992-இல் தேவர் மகன். 1993-இல் எஜமான். 1994-இல் நாட்டாமை. டிக்கெட் நம் காசு, திரையில் முறுக்கிய மீசை அவர்களுடையது. கைதட்டுவதும் விசிலடிப்பதும் நமக்குப் புதிதல்ல. நம்மைப் பார்த்து நாமே கைதட்டுவதுதான் புதிது. 2012-இல் பா. ரஞ்சித்தின் அட்டகத்தி வந்தபோது அந்தப் புதுமை தொடங்கியது. அதன் நாயகன் காதலில் தோற்றான், மறுபடி காதலித்தான், மறுபடி தோற்றான். நம் பையன் ஒருவன் வழிந்துகொண்டு பஸ்ஸில் தொங்குவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு பரியேறும் பெருமாள் வந்தது, கர்ணன் வந்தது, ஜெய் பீம் வந்தது. மூன்றும் தமிழ் சினிமாவை உலுக்கிய படங்கள். ஆனால் நாம் அவற்றிலிருந்து எதை வெட்டி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தோம்? தண்டவாளத்தில் கட்டப்பட்ட கருப்பி. லாக்கப்பில் தொங்கவிடப்பட்ட உடல். நான் வேலை பார்க்கும் மாலைநேரப் படிப்பு மையத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சனிக்கிழமை படம் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "அக்கா, நம்ம படம்னா கடைசில யாராச்சும் செத்துருவாங்கல்ல? அது வேணாம்க்கா." அவள் முழுப் படம் ஒன்றையும் பார்த்ததில்லை. செல்போனில் வந்த துண்டுகளை மட்டும் பார்த்திருக்கிறாள். 13 வயதுக்குள் "நம்ம படம்" என்றால் சாவு என்று அவளுக்குப் பதிந்துவிட்டது.

அதனால் ஒவ்வொரு படத்திடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். இதில் வரும் நம் ஆள், அடி வாங்காத நேரத்தில் என்ன செய்கிறார்? அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பார், யாரிடம் சண்டை போடுவார்?

5. தங்கலான்

குறைகளோடு பிடித்த படம். இரண்டாம் பாதியில் கனவும் புராணமும் வரலாறும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டுகிறது. ஆனாலும் பட்டியலில் வைக்கிறேன். வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு நடந்த நம் மூதாதையரைப் பெரிய திரையில் பார்ப்பது சின்ன விஷயமில்லை. 1880-க்குப் பிறகு அங்கே சுரங்கங்கள் பெருகியபோது பூமிக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். மண்ணுக்குள் உழைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை அமைத்தார்கள், கூட்டம் போட்டார்கள், பத்திரிகை வாசித்தார்கள்.

படத்தில் எனக்குப் பிடித்த இடம் சண்டைக் காட்சி எதுவும் இல்லை. தங்கலான் ஊருக்குத் திரும்பும்போது பெண்களுக்கு ரவிக்கை கொண்டுவருகிறான். கங்கம்மாவும் மற்றப் பெண்களும் அதைப் போட்டுப் பார்த்துச் சிரித்துக் கூத்தாடுகிறார்கள். தோள்சீலை வரலாற்றை நாம் வகுப்பில் போராட்டமாகப் படித்திருக்கிறோம். புதுத்துணி உடம்பில் பட்ட சந்தோஷமாக இங்கேதான் பார்த்தேன்.

4. லப்பர் பந்து

தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். அன்பு நல்ல ஆட்டக்காரன். சொந்த ஊர் டீமில் சாதி பார்த்து இடம் தர மறுக்கிறார்கள். அதனால் ஊர் ஊராகப் போய் கெஸ்ட் பிளேயராக ஆடுகிறான். கிராமத்து டோர்னமென்ட் ஆடியவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். இது பழைய கதையும்கூட. 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 100-க்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தவர் பல்வங்கர் பாலூ. அவருக்குப் புனேயில் தேநீர் தனிக் கோப்பையில், வெளியே வைத்துத்தான் கொடுத்தார்கள். இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923-இல்தான் கிடைத்தது.

இவ்வளவு கனமான விஷயத்தை வைத்துக்கொண்டு தியேட்டரைச் சிரிக்க வைத்திருக்கிறார் இயக்குநர். கெத்துவின் ஆட்டத்தை நிறுத்த யசோதை டிராக்டரை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கும் இடத்தில் என் பக்கத்து சீட்டிலிருந்த அம்மா எழுந்து நின்று கைதட்டினார்.

3. ப்ளூ ஸ்டார்

இதுவும் கிரிக்கெட்தான். ஜனவரியில் வந்தது. ஜெயக்குமாரின் முதல் படம். 90-களின் அரக்கோணம். காலனிப் பையன்களின் அணி ஒன்று, ஊர்ப் பையன்களின் அணி ஒன்று. நான் பலமுறை போய் வந்த ஊர் என்பதால் ரயில் சத்தம் கேட்டதும் என் படம் போல ஆகிவிட்டது. இதில் காலனி என்பது இருட்டும் அழுக்கும் நிறைந்த இடமாக இல்லை. வீட்டில் சாமி கும்பிடுவார்கள், காதலிப்பார்கள், கேலி பேசுவார்கள், பேட்டுக்காக அடித்துக்கொள்வார்கள்.

இரண்டு அணிகளும் கடைசியில் ஒன்றாகச் சேர்வது சுலபமான சமரசம் என்று சில தோழர்கள் விமர்சித்தார்கள். கிளப் கிரிக்கெட்டின் பணக்காரத் திமிரைக் காட்டிச் சாதியை மறக்கச் சொல்கிறது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. நிஜத்தில் இந்தச் சேர்க்கை இவ்வளவு சீக்கிரம் நடக்காது. ஆனால் படத்தில் காலனி அணி தன் பெயரையும் நிறத்தையும் விட்டுக்கொடுத்துச் சேரவில்லை. மரியாதை கிடைத்த பிறகே சேர்கிறது. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் பட்டது.

2. வாழை

இதைப் பட்டியலில் பார்த்ததும், "சாவு இல்லாத படம் கேட்டவள் இதை எப்படி வைக்கலாம்?" என்று கேட்பீர்கள். மாரி செல்வராஜின் சிறுவயதில் நடந்த லாரி விபத்துதான் படத்தின் முடிவு. கடைசி அரைமணி நேரம் நெஞ்சை அடைக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் சிவனைந்தன் என்ற பையனோடு நம்மை எவ்வளவு நேரம் வாழவிடுகிறார் என்று பாருங்கள். அவன் ரஜினி ரசிகன், சேகர் கமல் ரசிகன். பூங்கொடி டீச்சரின் கைக்குட்டையை எடுத்து ஒளித்துவைத்துக்கொள்கிறான். தார் சுமக்கப் போகாமல் இருக்க என்னென்னவோ நடிக்கிறான். அவனை நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் முடிவில் செத்தவர்கள் எண்ணிக்கையாக மாறவில்லை.

கூலியின் கணக்கையும் இந்தப் படம் போல யாரும் சொல்லவில்லை. தார் சுமப்பவர்கள் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். வியாபாரி கொடுக்கிறார். அதை ஈடுகட்ட, ஆட்களுக்கு வண்டி வைக்காமல் லோடு ஏற்றிய லாரியின் மேலேயே உட்காரவைத்து அனுப்புகிறார். விபத்து என்று செய்தித்தாளில் வருவது எங்கே தொடங்குகிறது என்பதற்கு எம்.ஏ. வகுப்பில் எனக்குக் கிடைத்த எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

1. ஜெ. பேபி

மார்ச் 8-ஆம் தேதி வந்தது. சுரேஷ் மாரியின் முதல் படம். தன் குடும்பத்தில் நடந்ததைத்தான் கதையாக்கியிருக்கிறார். வயதான அம்மா ஒருத்தி வீட்டை விட்டுப் போய்க் கொல்கத்தாவில் இருக்கிறாள் என்று தகவல் வருகிறது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மகன்கள் சேர்ந்து ரயிலேறி அவளைக் கூட்டிவரப் போகிறார்கள். கதை அவ்வளவுதான்.

பேபியாக ஊர்வசி. இந்த அம்மா தியாகத்தின் சிலை கிடையாது. வாயாடுகிறாள், பொய் சொல்கிறாள், அக்கம்பக்கத்தில் சண்டை இழுக்கிறாள், பிள்ளைகளைப் படாதபாடு படுத்துகிறாள். அவள் மனசு நோயில் இருக்கிறது என்பது அவர்களுக்குப் புரியவே நேரமாகிறது. களப்பணியில் இப்படிப்பட்ட அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணவன் போன பிறகு தனியாகப் பிள்ளைகளை வளர்த்து, எல்லோரும் கல்யாணமாகிப் போனதும் பேச ஆளில்லாமல் நிற்பவர்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எங்கே என்று தெரியாமல், "பேய் பிடிச்சிருக்கு" என்று அலைக்கழிக்கப்படுபவர்கள். நம் இயக்க மேடைகளில் அவர்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. வன்கொடுமை வழக்காக வந்தால்தான் நம் கண்ணில் படுகிறார்கள்.

சாதி பற்றி நீண்ட வசனம் இல்லாததால் இதைப் பலர் நம் படமாகவே எண்ணவில்லை. எனக்கு இந்த ஆண்டில் இதைவிட நம் படம் வேறில்லை.

நந்தன் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். தனி ஊராட்சியில் பெயருக்குத் தலைவராக உட்காரவைக்கப்படும் ஒருவரின் கதை. எடுத்த விஷயம் மிக உண்மை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை என்ன நடந்தது என்பதும் தெரியும். ஆனால் கூழ்பானை என்ற அந்த மனிதருக்கு எஜமான விசுவாசமும் அவமானமும் தவிர வேறு என்ன இருக்கிறது என்று படத்தின் பெரும்பகுதி சொல்லவில்லை. பரிதாபப்படுவதற்கென்றே செய்யப்பட்ட ஆள். நிஜத்தில் அப்படிப்பட்ட தலைவர்களோடு வேலை செய்திருக்கிறேன். நாற்காலி மறுக்கப்பட்ட கூட்டம் முடிந்ததும் வெளியே வந்து, அந்த ஊர்ப் பெரியவரைப் போலவே நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்கவைத்த தலைவர் அம்மா ஒருவர் உண்டு. அந்தச் சிரிப்பு திரைக்கு வரவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. கொடுமையைக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு நடந்தது என்பதை முதலில் காட்டுங்கள்.

இந்தப் பட்டியலில் பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. ஐந்து படத்தின் இயக்குநர்களும் ஆண்கள். பேபியையும் கங்கம்மாவையும் யசோதையையும் ஆண்கள் எழுதித்தான் பார்த்தோம். நம் பெண்ணொருத்தி கேமராவுக்குப் பின்னால் நின்றால் பேபியின் கதை ரயிலில் போன மகன்களிடமிருந்து தொடங்காது, ரயிலேறிய அன்று காலையில் பேபி என்ன நினைத்தாள் என்பதிலிருந்து தொடங்கும்.

தோழர்களே, உங்கள் கல்லூரியில், விடுதியில், படிப்பு மையத்தில் அடுத்த முறை படம் போடும்போது விவாதத்துக்கு வசதியான படத்தை மட்டும் தேடாதீர்கள். நாங்கள் அந்தச் சனிக்கிழமை லப்பர் பந்து போட்டோம். படம் முடிந்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "அந்த அண்ணனை ஏன்க்கா டீம்ல சேர்க்கல?" விவாதம் அங்கிருந்து தொடங்கி எட்டரை மணி வரை போனது.

உங்கள் ஐந்து படங்களை எழுதுங்கள். முக்கியமானவை வேண்டாம், பிடித்தவை.

ஜெய் பீம்.